விடுதிக்குப் போகும் வயது

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பொத்தேரி ரயில் நிலையத்தில் நின்று பார்த்தால் ஒரு ஊரே குடிவருவது தெரியும். சக்கரம் வைத்த பெட்டி, பக்கெட்டுக்குள் செருகிய துடைப்பம், சுருட்டிக் கட்டிய மெத்தை, ஊறுகாய் பாட்டிலைப் பத்திரமாகப் பிடித்தபடி அம்மா, கைப்பேசியில் வழி பார்த்தபடி அப்பா. எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தைச் சுற்றி, பொத்தேரி முதல் காட்டாங்குளத்தூர் வரை, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய பகுதியில் ‘மகளிர் விடுதி’ பலகை தொங்காத தெரு குறைவு. பதினெட்டு வயதுப் பெண் வீட்டை விட்டு வந்து தங்குவது இந்த வட்டாரத்துக்குப் பழகிப்போன சங்கதி. அந்தப் பெண்களில் பலருக்குச் சோறு வடிக்கத் தெரியாது. ஊறவைத்த துணியைக் கசக்கிப் பிழிய வேண்டும் என்பதே சிலருக்கு இங்கே வந்துதான் தெரியும். முதலில் பரீட்சை எழுது, தேறினால் விடுதி என்று யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. வருகிறார்கள், இருக்கிறார்கள், இருந்து கற்றுக்கொள்கிறார்கள்.

அந்தத் தெருக்களில் ஒன்றில் பிறந்து வளர்ந்த பெண்ணைப் பற்றி எழுதுகிறேன். பெயர் சொல்லப்போவதில்லை, குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. அறிவுசார் குறைபாடு, மிதமான அளவு என்று சான்றிதழில் இருந்தது. அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இறந்துவிட்டார். அம்மா இட்லி மாவு அரைத்து விடுதிகளுக்குக் கொடுக்கிறார். மாவுத் தூக்கைச் சுமந்துகொண்டு அம்மா பின்னாலேயே போய் விடுதி அறைகளையெல்லாம் பார்த்து வைத்திருந்தவள் இவள். தாம்பரத்தில் நான் சிறப்பாசிரியராக இருந்த தொழிற்பயிற்சி மையத்தில், ஒரு நாள் காகிதக் கவர் ஒட்டிக்கொண்டே, “மிஸ், நானும் ஹாஸ்டல் போறேன்” என்றாள்.

ஹாஸ்டலில் என்ன இருக்கும் என்று கேட்டேன். யோசித்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். பாத்ரூம் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கும். பெட்டிக்குப் பூட்டு இருக்கும். சாவியைக் கழுத்தில் போட்டுக்கொள்ளலாம். ராத்திரி லைட்டை நிறுத்து என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சுடிதாரை அவர்களே எடுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

அவள் வீட்டுக் குளியலறையில் தாழ்ப்பாள் கிடையாது. சின்ன வயதில் ஒருமுறை உள்ளே மாட்டிக்கொண்டு அலறியிருக்கிறாள். அன்றைக்கு அப்பா கழற்றிய தாழ்ப்பாள் திரும்ப மாட்டப்படவே இல்லை. அவள் குளிக்கும்போது அம்மா வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். இதில் கொடுமை எதுவும் இல்லை. கொள்ளை அன்பு. அந்த அன்பில் இருபத்தாறு வயது வரை ஒரு நிமிடம்கூட அவள் தனியாக இருந்ததில்லை.

எங்கள் தொழிலில், ஒருவரால் எதெதைத் தானாகச் செய்ய முடியும் என்று பார்ப்பதற்கு அளவுகோல்கள் உண்டு. அவற்றில் ஒன்று சென்னையிலேயே பிறந்தது. விஜய் ஹியூமன் சர்வீசஸ் நிறுவனத்தில் ஜெயச்சந்திரனும் விமலாவும் உருவாக்கிய ‘மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்’. நாங்கள் எம்.டி.பி.எஸ். என்போம். 18 தலைப்புகள், தலைப்புக்கு 20 வீதம் 360 செயல்கள். சாப்பிடுதல், உடுத்துதல், கழிவறைப் பழக்கம், பேச்சு, எண், நேரம், பணம், வீட்டு வேலை, ஊர் அறிதல், பொழுதுபோக்கு, தொழில் என்று ஒரு மனிதரின் நாள் முழுக்க அதில் இருக்கும். எளியதிலிருந்து கடினமானதற்குப் படிப்படியாக ஏறும். எது வருகிறது, எது வரவில்லை என்று குறித்துவிட்டால் அடுத்து எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு நான் முதலில் கையில் கொடுப்பது இதைத்தான். அவ்வளவு பயனுள்ள கருவி.

ஆனால் எந்தக் கருவியையும் எதற்குப் பயன்படுத்துகிறோம் என்று ஒன்று இருக்கிறது. கற்றுக்கொடுக்க உண்டான பட்டியல், காலப்போக்கில் நுழைவுத் தேர்வாகிவிட்டது. “எல்லாத்தையும் கத்துக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்பது பெற்றோர் வாயிலும் எங்கள் சக ஆசிரியர்கள் வாயிலும் ஓயாமல் வரும் வாக்கியம். காசு எண்ணத் தெரியட்டும், அப்புறம் சம்பளத்தைக் கையில் கொடுக்கலாம். மணி பார்க்கத் தெரியட்டும், அப்புறம் தனியாக அனுப்பலாம். 360-இல் 300 வந்தாலும் மீதி 60 இருக்கும். அந்த ‘அப்புறம்’ வருவதே இல்லை. முடி நரைத்த ‘பிள்ளைகள்’ எங்கள் மையத்தில் உண்டு.

இவளுக்கு நாங்கள் கற்றுக்கொடுத்ததில் இரண்டு விஷயங்களைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், இந்த வேலை எப்படி நடக்கிறது என்பது வெளியே அவ்வளவாகத் தெரியாது என்பதால்.

முதலாவது, பணம். படிக்க வராதவர்களுக்கு நோட்டை நிறத்தாலும் அளவாலும்தான் பழக்குவோம். 2016 நவம்பர் 8 இரவு பணமதிப்பு நீக்கம் வந்தபோது நாடு வங்கி வாசலில் நின்றது. நாங்கள் வகுப்பறையில் முதல் பாடத்திலிருந்து தொடங்கினோம். அதற்கப்புறமும் அது ஓயவில்லை. 2017-இல் புது ஐம்பது நீலமாக, இருநூறு மஞ்சளாக வந்தது. 2018-இல் பத்து காப்பி நிறமாகவும் நூறு இளம் ஊதாவாகவும் மாறின. பழைய நூறும் செல்லும், புது நூறும் செல்லும். இரண்டுக்கும் நிறமும் வேறு, அளவும் வேறு. நமக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்ட மாற்றம் இவர்களுக்கு வருடக்கணக்கில் இழுத்தது. அதனால் இவளுக்கு நோட்டு எல்லாவற்றையும் பழக்குவதை விட்டுவிட்டுப் பத்து ரூபாய் நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டோம். கடைக்காரர் ‘முப்பத்தேழு’ என்றால் முப்பது மட்டும் காதில் விழுந்தால் போதும். மூன்று பத்து, கூட ஒரு பத்து. பாக்கியை வாங்கிப் பையில் போடு, எண்ண வேண்டாம். கூட்டல் கழித்தல் தெரியாமலே மளிகைக் கடையில் நின்று சாமான் வாங்கிவிடலாம். கழித்தல் வந்தபிறகுதான் கடைக்குப் போகலாம் என்று காத்திருந்தால் அவள் இன்றும் கடை வாசலைத் தாண்டியிருக்க மாட்டாள்.

இரண்டாவது, ரயில். காட்டாங்குளத்தூரில் ஏறினால் பொத்தேரி, கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர், அப்புறம் தாம்பரம். ஆறாவது நிலையத்தில் இறங்கு என்று விரல்விட்டு எண்ணப் பழக்குவது சுலபம். ஆனால் கிளாம்பாக்கத்தில் புதிதாக ஒரு நிலையம் வரப்போகிறது என்ற பேச்சு அப்போதே இருந்தது. விரல் கணக்கை நம்பினால் அது திறக்கிற அன்றைக்கு இவள் பெருங்களத்தூரில் இறங்கிவிடுவாள். அதனால் மஞ்சள் பலகையைப் பழக்கினோம். ‘பெ’ என்று தொடங்கும் நீளமான பெயரைப் பார்த்ததும் எழுந்து வாசல் பக்கம் வர வேண்டும். ‘தா’ வந்ததும் இறங்க வேண்டும். முதலில் நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு எதிர் இருக்கையில். பிறகு பெட்டியின் மறுகோடியில். பிறகு அடுத்த பெட்டியில். கடைசியில் தாம்பரம் நடைமேடையில் நின்று காத்திருந்தேன்.

அதோடு பாடம் முடிவதில்லை. வேண்டுமென்றே அவளை வண்டலூரில் இறக்கிவிட்டோம். தப்பான இடத்தில் இறங்கிவிட்டால் என்ன செய்வது என்பது தனிப் பாடம்: பயந்து ஓடக் கூடாது, அந்த இடத்திலேயே பெஞ்சில் உட்கார வேண்டும், கைப்பேசியில் மிஸ் படம் போட்ட பொத்தானை அழுத்த வேண்டும், எடுக்கவில்லை என்றால் காக்கி உடுப்பு போட்ட அக்காவிடம் கழுத்து அட்டையைக் காட்ட வேண்டும். தொலையாமல் இருக்கக் கற்றுக்கொடுப்பதைவிட, தொலைந்தால் திரும்பி வரக் கற்றுக்கொடுப்பது முக்கியம் என்று நினைக்கிறேன். முதல் வகையை மட்டும் கற்றவர்களை வீட்டார் கடைசி வரை தனியாக விட மாட்டார்கள்.

ரயில் விஷயத்தில் ஒன்று எனக்கு எப்போதும் உறுத்தும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு ரயில்வே 75 சதவீதம் வரை கட்டணச் சலுகை தருகிறது, மாதச் சீட்டில் பாதி. ஆனால் துணையில்லாமல் பயணம் செய்ய முடியாதவர் என்று மருத்துவர் சான்று தந்தால்தான் அந்தச் சலுகை. துணைக்கு வருபவருக்கும் அதே சலுகை உண்டு. தனியாகப் போகக் கற்றுக்கொண்டவள் முழுக் கட்டணம் கொடுக்க வேண்டும். மாறாக, 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் எல்லோருக்கும் கட்டணமில்லை. முன்பக்கம் பிங்க் நிறம் அடித்த பேருந்து வந்தால் ஏறு. காசு எண்ண வேண்டாம், சான்றிதழ் காட்ட வேண்டாம், துணை வேண்டாம். எல்லாப் பெண்களுக்கும் என்று போட்ட ஒரு அரசாணை, எங்கள் பெண்களுக்கென்றே போட்ட பல சலுகைகளைவிட அவர்களை அதிகம் நடமாட வைத்திருக்கிறது.

இதெல்லாம் கற்றுக்கொடுக்கக் கூடியவை. கடினமானது வேறு ஒன்று.

மையத்தில் காலை பத்தரைக்கு டீ. ஒரு நாள் அவளிடம், “டீயா, காப்பியா?” என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் எதுவும் காட்டவில்லை. பக்கத்தில் இருந்தவளின் டம்ளரைப் பார்த்தாள். “நீங்க சொல்லுங்க மிஸ்” என்றாள். நான் சொல்லவில்லை. கண் கலங்கிவிட்டது அவளுக்கு. சரியான விடை ஒன்று இருக்கிறது, அது தனக்குத் தெரியவில்லை என்று நினைத்துவிட்டாள். பிறந்ததிலிருந்து அவளிடம் கேட்கப்பட்ட கேள்விகள் எல்லாமே பரீட்சைக் கேள்விகள். இது என்ன நிறம்? இது எத்தனை? உனக்கு என்ன வேண்டும் என்பதும் கேள்விதான் என்பது அவளுக்குப் பழக்கமில்லை.

காப்பி என்று சொல்ல அவளுக்குச் சில வாரங்கள் ஆயின. காப்பியைக் குடித்துப் பார்த்துவிட்டு ‘வேண்டாம், டீ’ என்று சொல்ல இன்னும் கொஞ்ச நாள். அப்புறம் ‘மாட்டேன்’. கவர் ஒட்டச் சொன்னால் ‘மாட்டேன், இன்னைக்குக் கை வலிக்குது.’ சக ஆசிரியை ஒருவர், பெண் கெட்டுப்போகிறாள் என்று வருத்தப்பட்டார். எனக்கோ அன்றுதான் அவளைத் தைரியமாக வெளியே அனுப்பலாம் என்று தோன்றியது. இதை எல்லாப் பெற்றோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும், தொட்டால் நிற்க வேண்டும், கொடுத்ததைச் சாப்பிட வேண்டும் என்று இருபது வருடம் பழக்கிவிட்டு, கெட்டவன் ஒருவன் வந்தால் மட்டும் எதிர்ப்பாள் என்று எப்படி எதிர்பார்ப்பது? அம்மாவிடம் ‘மாட்டேன்’ சொல்லத் தெரியாத பெண்ணுக்கு அந்நியனிடம் சொல்ல வராது.

பாதுகாப்பு என்றதும் தாய்மார்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பது ஒன்று உண்டு. “மிஸ், கர்ப்பப்பையை எடுத்துட்டா நிம்மதியா இருக்கலாமா?” மாதவிலக்கைச் சமாளிக்க முடியவில்லை என்பார்கள், அதன் அடியில் இன்னொரு பயம் இருக்கும். 1994-இல் புணே மாவட்டம் ஷிரூரில் அரசு இல்லத்துப் பெண்களுக்குக் கூட்டமாகக் கர்ப்பப்பை அகற்றியது நாடெங்கும் கொந்தளிப்பை உண்டாக்கியது. அந்த அறுவைச் சிகிச்சை கருவைத் தடுக்கும், வன்முறையைத் தடுக்காது. நடந்தது தெரியாமல் போவதற்கு மட்டுமே அது உதவும் என்று அந்தத் தாய்மாரிடம் நேராகவே சொல்லிவிடுவேன்.

2009-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சொல்வேன். சண்டிகர் அரசு இல்லத்தில் இருந்த, ஆதரவற்ற, லேசான அறிவுசார் குறைபாடு உள்ள இளம்பெண் ஒருவர் பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கர்ப்பமானார். கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர் குழந்தை வேண்டும் என்றார். தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன், நீதிபதிகள் பி. சதாசிவம், பி.எஸ். சௌஹான் அமர்வு அந்த உத்தரவை நிறுத்தியது. லேசான குறைபாடுள்ள, வயதுவந்த பெண்ணின் சம்மதம் இல்லாமல் கலைக்கச் சட்டத்தில் இடமில்லை என்றது. எவ்வளவு பெரிய முடிவு அது! அதை எடுக்க அவருக்கு உரிமை உண்டென்றால், எந்தச் சுடிதாரைப் போடுவது என்பதற்கு என்ன தடை?

இனி, வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

ஹாஸ்டல் பேச்சு அம்மா காதுக்குப் போனதும் அவர் நேரே மையத்துக்கு வந்தார். கோபமாக வரவில்லை; அழுதுகொண்டு வந்தார். “நான் என்ன குறை வெச்சேன் மிஸ் அவளுக்கு?” என்றார். குறை ஒன்றும் இல்லை என்றேன். “எனக்கப்புறம் அவளை யார் பார்ப்பாங்கன்னு நான் ராத்திரி தூங்கறதில்ல. அவ என்னடான்னா இப்பவே போறேங்கறா.” இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவே இருப்பதுதான் என் வேலை என்று நினைக்கிறேன். தாய் எழுபது வயதில் விழுந்தபிறகு, ஒரே நாளில், தெரியாத இல்லத்தில், தெரியாத மனிதர்களிடம் போய்ச் சேர்வது இந்தப் பெண்களுக்குச் சாதாரணமாக நடப்பது. அம்மா இருக்கும்போதே, அம்மா வந்து பார்த்துப் போகும் தூரத்தில் அந்த வாழ்க்கையைத் தொடங்கலாம் என்பதுதான் மகள் கேட்பது. அவள் தன்னையறியாமல் உங்கள் கேள்விக்குத்தான் பதில் தேடுகிறாள் என்று சொன்னேன். அன்று அவர் ஏற்கவில்லை.

அண்ணன் மறைமலை நகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறார். நல்ல பையன். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நடந்த ஜென்னி ஹாட்ச் வழக்கை அவரிடம் சொன்னேன். டவுன் சிண்ட்ரோம் உள்ள பெண்; பழைய சாமான் கடையில் வேலை; கடை நடத்திய நண்பர்களோடு வாழ வேண்டும் என்று விரும்பினார். தாயும் மாற்றாந்தந்தையும் முழுக் காப்பாளர் பொறுப்பு கேட்டு வழக்குப் போட்டார்கள். விருப்பமில்லாமல் குழு இல்லங்களில் இருந்தார். 2013 ஆகஸ்டில், அவருக்கு 29 வயதானபோது, நீதிமன்றம் அவர் விருப்பத்தைக் கேட்டது: நண்பர்கள் ஒரே ஒரு வருடத்துக்குப் பொறுப்பாளர்கள், அதற்குள் தானே முடிவெடுக்க அவரைப் பழக்க வேண்டும். அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது அமெரிக்கா மேடம். அங்க கவர்மென்ட் பின்னாடி நிக்கும். இங்க நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா தெருவே எங்கம்மாவைத்தான் கேக்கும்” என்றார். நியாயமான பேச்சு. அம்மாவைத் தெரு கேட்கும் கேள்விக்கு எந்த நாட்டுத் தீர்ப்பும் வந்து பதில் சொல்லாது.

அதனால் அடுத்து எங்கள் மாவட்டத்தையே காட்டினேன். கோவளத்தில் வளாகம் உள்ள ‘தி பேன்யன்’ அமைப்பு 1993-இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் தொடங்கியது. மனநோயால் வீடிழந்த பெண்களுக்கானது. மருத்துவமனையிலும் காப்பகத்திலும் வருடக்கணக்காகத் தங்கிவிட்டவர்களை, 2015 முதல், சாதாரணத் தெருக்களில் வாடகை வீடுகளில் நான்கைந்து பேராகக் குடிவைக்கிறார்கள். உதவிக்கு ஒருவர் கூட இருப்பார். ‘ஹோம் அகெய்ன்’ என்று பெயர். மனநோய் வேறு, அறிவுசார் குறைபாடு வேறு. ஆனால் வீடு எடுப்பது, சமைப்பது, அக்கம்பக்கத்தில் பழகுவது என்ற பாடம் ஒன்றுதான். அண்ணனுக்கு அது கொஞ்சம் உறைத்தது. தமிழ்நாட்டில், தமிழ்ப் பெண்கள், தமிழ் வீட்டுக்காரர்களிடம் வாடகைக்கு இருக்கிறார்கள்.

சட்டமும் ஒரு பக்கம் வந்து நின்றது. அம்மா ஏற்கெனவே அண்ணனைச் சட்டபூர்வக் காப்பாளராக்க மனு தயாரித்து வைத்திருந்தார். அதற்கு ஆதிக்க எண்ணம் காரணமில்லை. ஓய்வூதியம் காரணம். அம்மாவுக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம் மகளுக்கு ஆயுள் முழுக்கக் கிடைக்கும்; ஆனால் அறிவுசார் குறைபாடு என்றால், மைனருக்குத் தருவதுபோலக் காப்பாளர் வழியாகத்தான் தருவார்கள். பதினெட்டு தாண்டியபின் பெற்ற தாயும் தானாகக் காப்பாளர் ஆக முடியாது. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர், பதிவுபெற்ற தொண்டு நிறுவனப் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் கொண்ட உள்ளூர்க் குழுவிடம் மனுச் செய்ய வேண்டும். பலரும் படிக்காமல் தாண்டிவிடும் ஒரு பிரிவு அதில் உண்டு: இவருக்குக் காப்பாளர் தேவையா, தேவையென்றால் எந்தக் காரியத்துக்கு என்று குழு முதலில் ஆராய வேண்டும். 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. காப்பாளர் என்பவர் குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட முடிவுகளுக்கு, அவரோடு சேர்ந்து, அவர் விருப்பப்படி செயல்பட வேண்டியவர். எங்கே வாழ்வது என்று எவரையும் கட்டாயப்படுத்தாத நிலை வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் ஐந்தாம் பிரிவில் இருக்கிறது.

மனுவை மாற்றி எழுதினோம். ஓய்வூதியமும் சொத்தும் மட்டும் அண்ணன் பொறுப்பு. எங்கே இருப்பது, என்ன வேலை, யாரோடு பழக்கம் என்பதெல்லாம் அவளுடையது. குழுவில் இருந்த சக்கர நாற்காலிக்காரர் அவளிடம், “உங்களுக்கு எங்கே இருக்கணும்?” என்று கேட்டார். அவள் அம்மா முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்து, “பூட்டு இருக்கற வீட்ல” என்றாள். அம்மா அங்கேயே சிரித்துவிட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

2024 ஏப்ரல் 19 அன்று அவள் மக்களவைத் தேர்தலில் ஓட்டுப் போட்டாள். சின்னத்தைப் பார்த்து அழுத்தத் தெரிந்தால் போதும். வாக்குச்சாவடியில் யாரும் எம்.டி.பி.எஸ். மதிப்பெண் கேட்கவில்லை. விரல் மையை ஒரு மாதம் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள்.

வீடு கிடைப்பதுதான் உண்மையான மலை. பயிற்சிக்கு இந்தப் பக்கம் குறைவில்லை. பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனமே 2005 முதல் முட்டுக்காட்டில் இருக்கிறது. வீடு என்று கேட்டால் கையை விரிக்கிறார்கள். வீட்டுக்காரர்கள் கேட்டது: கேஸ் வெடிக்குமா? ராத்திரி கத்துவார்களா? பக்கத்துப் போர்ஷன் காலியாகிவிடுமா? கடைசியில் ஊரப்பாக்கத்தில் கீழ்த்தளம் ஒன்று அமைந்தது. வீட்டுக்கார அம்மா ஓய்வுபெற்ற செவிலியர். கேஸ் வேண்டாம், இண்டக்ஷன் அடுப்பு என்ற ஒரே நிபந்தனை. இவளோடு எங்கள் மையத்துப் பெண்கள் இரண்டு பேர், இரவில் கூடத் தங்கும் உதவியாளர் அக்கா ஒருவர். இவள் பொத்தேரியில் ஒரு விடுதிச் சமையலறையில் காய் நறுக்கி, சப்பாத்தி தேய்க்கிறாள். பீன்ஸ் ஒரே அளவில் வர நறுக்கும் பலகையில் பச்சை பெயிண்டில் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறோம். சம்பளம், அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை, அம்மா தரும் ஒரு பங்கு. இப்படித்தான் வாடகையும் சாப்பாடும் ஓடுகிறது. அக்காவின் சம்பளத்துக்கு மூன்று குடும்பமும் சேர்ந்து கொடுக்கிறது. இந்த அக்காவின் சம்பளத்தை அரசு ஏற்றுக்கொண்டால் செங்கல்பட்டு மாவட்டத்தில் மட்டும் எத்தனையோ வீடுகள் திறக்கும். பெரிய இல்லங்களுக்கு மானியம் இருக்கிறது; மூன்று பேர் வாழும் வாடகை வீட்டுக்கு இல்லை. அடித்துச் சொல்லிக் கேட்க வேண்டியது இதைத்தான்.

கஷ்டம் இல்லாமலில்லை. முதல் மாதம் அவள் தொடர்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டு வயிறு கெட்டது. அறைத் தோழியோடு டி.வி.க்குச் சண்டை. சம்பளத்தில் பாதியை வளையலுக்குப் போட்டுவிட்டு மாதக் கடைசியில் அம்மாவிடம் போய் நின்றாள். பொத்தேரி விடுதியில் இருக்கும் எந்தப் பெண்ணும் செய்கிற காரியங்கள். அவர்கள் செய்தால் அனுபவம் என்கிறோம். இவள் செய்தால், ‘பார்த்தீங்களா, அதான் சொன்னோம்’ என்று வருகிறார்கள். அவள் குடிபோன மூன்றாம் நாளே அம்மா மாவுத் தூக்கோடு வந்து நேரே உள்ளே நுழைந்தார். “மணி அடிச்சிட்டு வரணும்மா” என்றாள் மகள். அம்மா வெளியே போய் மணி அடித்துவிட்டு வந்தார். இதை என்னிடம் சொல்லும்போது அவர் குரலில் வருத்தமும் இருந்தது, வேறொன்றும் இருந்தது. ராத்திரி தூங்குகிறீர்களா என்று கேட்டேன். “கொஞ்சம்” என்றார்.

சமையலும் சுத்தமும் அவளுக்கு முழுக்க வந்துவிடவில்லை. மாத்திரை எடுக்க அக்கா நினைவுபடுத்த வேண்டும். கணக்கு வழக்கு அண்ணன்தான். உதவி குறையவில்லை, குறையவும் வேண்டாம். என்ன உதவி, எப்போது, யாரிடம் என்பதை அவள் சொல்கிறாள். எங்கள் தொழிலில் நான் பார்க்க விரும்பிய மாற்றம் இவ்வளவே.

இப்போது மையத்தில் வேறு மூன்று குடும்பங்கள் இந்த வீட்டை வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அதில் ஒரு தந்தைக்கு வயது எழுபத்து நான்கு, மகளுக்கு நாற்பது. நான் ஊரப்பாக்கம் போய் அவளிடம் கேட்டேன். இரண்டு இரண்டு பேராக வரலாம் என்றாள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மேல்தான். அதற்கு முன்னால் வந்தால் கதவைத் திறக்க மாட்டாளாம், மத்தியானம் தூங்குவாளாம்.